பதினெட்டு நாட்களுக்கு ஒருமுறை

1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. கரிய வெளியில் தனித்துத் தொங்கும் நீலக் கோலிக்குண்டைப் போன்ற பூமி. பாடநூல்களின் அட்டையிலும் சுவரொட்டிகளிலும் அஞ்சல்தலைகளிலும் நாம் அனைவரும் பார்த்த படம் அது. மனிதன் தன் வீட்டை முதன்முறையாக முழுமையாகப் பார்த்த தருணம் என்று கவிஞர்களும் தத்துவவாதிகளும் அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

அதே ஆண்டில், அதற்கு நான்கரை மாதங்கள் முன்பு, ஜூலை 23 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் ஏவுதளத்திலிருந்து இன்னொரு கண் மேலே போனது. அதில் மனிதர்கள் யாரும் இல்லை. அது எடுத்த படங்களும் பெரும்பாலும் அழகானவை அல்ல. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றியபடி, 185 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைகளாக அது பூமியைப் பார்த்தது. ஒரு நாளைக்குப் பதினான்கு சுற்று. பதினெட்டு நாட்கள் முடிந்ததும் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து, அதே காலைப்பொழுதில், அதே வயலை, அதே ஆற்றை, அதே காட்டை மீண்டும் பார்த்தது. முதலில் அதன் பெயர் ‘புவி வளத் தொழில்நுட்பச் செயற்கைக்கோள்’. 1975 ஜனவரியில் லேண்ட்சாட் என்று மாற்றினார்கள்.

நீலக் கோலிக்குண்டு ஒரு கணத்தின் படம். லேண்ட்சாட் எடுத்தவை, ஒரே இடத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்ததன் பதிவுகள். முதலாவது நமக்கு வியப்பைக் கொடுத்தது. இரண்டாவது, பூமிக்கு ஒரு நாட்குறிப்பை எழுதித்தந்தது. அந்த நாட்குறிப்பின் பக்கங்களைத் தனித்தனியே கிழித்து விற்க முனைந்ததையும், அதனால் அது ஏறக்குறைய அழிந்துபோகவிருந்ததையும், பின்னர் விலை நீங்கியபோது அது முதன்முறையாக வாசிக்கப்பட்டதையும் பற்றியது இக்கட்டுரை.

*

செயற்கைக்கோள்களிலிருந்து பூமியைப் பார்ப்பது 1960களில் முதன்மையாக இரண்டு துறையினருக்கே உரியதாக இருந்தது: வானிலையாளர்களுக்கும் உளவுத்துறையினருக்கும். முன்னவர்கள் மேகங்களைப் பார்த்தார்கள். பின்னவர்கள் ஏவுகணைத் தளங்களைப் பார்த்தார்கள். இடையில் இருந்த நிலத்தை, அதன் பயிரையும் பாறையையும் நீரையும் பார்ப்பதற்கு ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் இயக்குநர் வில்லியம் பெகோரா. 1966 செப்டம்பர் 21 அன்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் அத்தகைய திட்டம் ஒன்றை வெளிப்படையாக அறிவித்தார். இராணுவம் தன் இரகசியங்களை எண்ணி அஞ்சியது. நிதித்துறையினர், விமானத்திலிருந்து படம் எடுத்தால் செலவு குறையுமே என்றார்கள். இந்தத் தடைகளைத் தாண்டி ஆறு ஆண்டுகளில் செயற்கைக்கோள் ஏவுதளத்தை அடைந்தது. பெகோரா அதைப் பார்க்கவில்லை. ஏவப்படுவதற்கு நான்கு நாட்கள் முன்பு, ஜூலை 19 அன்று, அவர் இறந்துபோனார்.

அந்தச் செயற்கைக்கோளில் இரண்டு கருவிகள் இருந்தன. முதன்மையானது என்று எல்லோரும் நம்பியது ஆர்.சி.ஏ. நிறுவனம் செய்த தொலைக்காட்சிக் கேமராத் தொகுதி. மற்றொன்று, சோதனை முயற்சியாக ஓரத்தில் இடம் கொடுக்கப்பட்ட ஒரு ஸ்கேனர். அதை ஹ்யூஸ் நிறுவனத்தில் வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட்.

நார்வுட் எம்.ஐ.டி.யில் படித்தவர். படிப்பு முடிந்து வேலை தேடியபோது, கர்ப்பமாக மாட்டேன் என்று வாக்குறுதி தரக் கேட்ட நிறுவனமும் உண்டு. சில காலம் ஒரு பல்பொருள் அங்காடியில் பெண்களின் மேல்சட்டைகளை விற்றார். பிறகு ஆண்டெனா வடிவமைப்பில் பெயர்பெற்றார். நிலத்தைப் பார்க்கும் கருவியைச் செய்யும் பணி வந்தபோது, அவர் முதலில் வேளாண்மை, வனவியல், மண்ணியல் அறிஞர்களிடம் சென்று, ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், எந்த ஒளியில் அது தெரியும்?’ என்று கேட்டார். ஆறு ஒளிப்பட்டைகள் வேண்டும் என்பது அவர் முடிவு. எடைக் கட்டுப்பாட்டினால் நான்குதான் கிடைத்தன: பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் இரண்டு.

இந்தத் தேர்வின் பின்னே ஓர் எளிய இயற்பியல் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உணவு சமைக்க எடுத்துக்கொள்கிறது. அகச்சிவப்பை ஏறத்தாழ அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே அகச்சிவப்பில் பார்த்தால் செழித்த பயிர் பளிச்சென்று ஒளிரும், நீர் கறுப்பாகக் கிடக்கும். இலை நோயுற்றாலோ வாடினாலோ இந்த இரண்டு ஒளிகளுக்கும் இடையிலான விகிதம் மாறிவிடும். ஒரு வயலின் உடல்நிலையை இரண்டு எண்களின் விகிதத்தில் படிக்கலாம் என்பதே தொலையுணர்வின் அரிச்சுவடி.

நார்வுட்டின் ஸ்கேனரில், ஓர் ஊசலாடும் கண்ணாடி விநாடிக்குப் பதிமூன்று முறை அசைந்து, தரையைக் குறுக்கே துழாவி, வந்த ஒளியை 24 உணரிகளில் கொட்டும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாக மாறித் தரைநிலையத்துக்கு வரும். ஒரு புள்ளி என்பது தரையில் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு. வரைபடக்காரர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆடிக்கொண்டிருக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு எப்படித் துல்லியமான வரைபடம் செய்வது? பதில் சொல்வதற்காக, நார்வுட்டின் குழு முன்மாதிரிக் கருவியை ஒரு லாரியில் ஏற்றி கலிஃபோர்னியாவைச் சுற்றிவந்தது. அப்போது எடுத்த படங்களில் ஒன்று யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ‘ஹாஃப் டோம்’ பாறை.

புகைப்படக் கலையின் வரலாறு அறிந்தவர்களுக்கு அந்தப் பாறை அந்நியமானதல்ல. 1927 ஏப்ரலில் ஆன்ஸல் ஆடம்ஸ் அதே பாறையின் முன் நின்று தன் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். கையில் மிஞ்சியிருந்த கடைசித் தகட்டில், லென்ஸின் முன் ஓர் அடர்சிவப்பு வடிகட்டியை வைத்து, வானத்தைக் கருக்கி, பாறையைத் தன் மனத்தில் கண்ட விதமாகப் பதிந்தார். எந்த ஒளியை விடுவது, எந்த ஒளியைத் தடுப்பது என்ற முடிவிலேயே படம் பிறக்கிறது என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். அதே 1927இன் ஜனவரியில் பிறந்த ஒரு பெண், நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே பாறையின் முன், நான்கு வடிகட்டிகளை ஒரே நேரத்தில் வைத்துப் படமெடுத்தார். இவருடைய நோக்கம் கலை அல்ல. ஆனால் இருவருடைய அடிப்படையும் ஒன்றுதான்.

விண்ணில் ஏறியபின் நடந்ததை விதி என்றுதான் சொல்லவேண்டும். சில வாரங்களிலேயே தொலைக்காட்சிக் கேமராத் தொகுதியில் மின்கோளாறு ஏற்பட்டு, அதை அணைக்க வேண்டியதாயிற்று. ஓரத்தில் இடம் கொடுக்கப்பட்ட ஸ்கேனரே அதன்பின் அந்தப் பணிக்கு முதன்மைக் கருவியாயிற்று. சந்தேகப்பட்ட வரைபடக்காரர்கள் அது அனுப்பிய படங்களைப் பார்த்தபின் கட்சி மாறினார்கள்.

*

ஆனால் அவர்களுடைய சங்கடம் முற்றிலும் பொய்யானதல்ல. உருண்டையைத் தாளில் விரிப்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டின் மெர்கேட்டர் தொடங்கிப் பலர் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். அவை எல்லாவற்றிலும் பூமி அசையாமல் நிற்கும். லேண்ட்சாட்டின் கதை வேறு. செயற்கைக்கோள் ஒரு திசையில் ஓடுகிறது. கண்ணாடி குறுக்கே ஆடுகிறது. கீழே பூமியும் சுழன்றுகொண்டே இருக்கிறது. செயற்கைக்கோளின் தடம் தரையில் ஒரு நெளிந்த கோடாக விழுகிறது. அந்தக் கோட்டின் மேல் அளவு பிசகாமல் இருக்கும்படி வரைபடத்தை விரிப்பது எப்படி? புவியியல் அளவை நிறுவனத்தின் ஆல்டன் கோல்வோகோரஸஸ் இதற்கு எப்படிப்பட்ட வீழல் முறை வேண்டும் என்பதைக் கருத்தளவில் சொல்லிவிட்டார். அதற்கான கணிதச் சமன்பாடுகள் யாரிடமும் இல்லை.

1976இல் ஒஹையோவில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் இச்சிக்கலைப் பற்றிப் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜான் ஸ்னைடரும் ஒருவர். தொழிலில் அவர் வேதிப்பொறியாளர், நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை. வரைபட வீழல்கள் அவருக்குச் சிறுவயது முதல் பொழுதுபோக்கு. வீட்டின் உபரிப் படுக்கையறையில் உட்கார்ந்து, நிரல் எழுதக்கூடிய ஒரு கைக்கணிப்பானை வைத்துக்கொண்டு, 1977இல் சில மாதங்களில் அவர் சமன்பாடுகளைத் தீர்த்துவிட்டார். அவற்றைப் புவியியல் அளவை நிறுவனத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் அவரைத் தன்னிடமே வேலைக்கு அழைத்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஸ்னைடரின் சமன்பாடுகளில் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் காலமும் ஒரு மாறியாக வருகிறது. ஓர் இடம் தாளில் எங்கே விழும் என்பது, அது எங்கே இருக்கிறது என்பதோடு எப்போது பார்க்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. வரைபடக்கலை தன் நீண்ட வாழ்வில் பெரும்பாலும் காலத்தை வெளியே நிறுத்தியே வைத்திருந்தது. ஒரு பொழுதுபோக்காளரின் கைக்கணிப்பான் வழியாக அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

மேலிருந்து பார்ப்பதன் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1976இல் கனடாவின் லாப்ரடார் கரையோரப் படங்களை ஆராய்ந்தபோது, எந்தக் கடல்வரைபடத்திலும் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. 25 மீட்டருக்கு 45 மீட்டர் அளவுள்ள ஒரு பாறைத்தீவு. உறுதிசெய்ய ஒருவர் போயாக வேண்டும். கனடா நீர்வரைவியல் துறையின் ஃபிராங்க் ஹால் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார். தீவின் உச்சியில் ஒரு பனிக்கரடி படுத்திருந்தது. தனக்கு வந்த உணவு என்று எண்ணியதோ என்னவோ, அது எழுந்து நின்று அவரை அறைய வீசியது. அவரை அவசரமாக மேலே இழுத்துக்கொண்டார்கள். அத்தீவுக்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயர் வைத்தார்கள். செயற்கைக்கோள் தீவைக் காட்டியது, கரடியைக் காட்டவில்லை. களத்துக்குப் போய்ச் சரிபார்க்காத எந்தப் படமும் பாதி உண்மைதான் என்பதைத் தொலையுணர்வு மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது.

நம் பக்கத்திலும் இக்கலை களத்திலிருந்தே தொடங்கியது. 1970ஐ ஒட்டி, கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோய் பரவியிருந்த தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்தார்கள். நோய்கண்ட மரங்கள் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட நிறத்தில் தெரிந்தன. அதை முன்னின்று நடத்தியவர் பி.ஆர். பிஷாரடி. சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த வானிலை அறிஞர், இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படுபவர். 1979இல் ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் லேண்ட்சாட்டின் சமிக்ஞைகளை நேரடியாக வாங்கும் நிலையம் அமைந்தது. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற நம்முடைய செயற்கைக்கோளே மேலே போனது. கனடாவும் பிரேசிலும் இன்னும் பல நாடுகளும் இதே போலத் தரைநிலையங்களை அமைத்துக்கொண்டன. ஆக, பூமியின் நாட்குறிப்பு பல நாடுகளின் காந்தநாடாக்களில் சிதறிச் சேர்ந்துகொண்டிருந்தது.

*

இந்த இடத்தில்தான் விலை உள்ளே வருகிறது.

1970களின் இறுதியில் அமெரிக்க அரசு, இப்படங்களால் பலர் பயனடைகிறார்கள், ஆகவே அவர்களே செலவை ஏற்கட்டும் என்று எண்ணத் தொடங்கியது. 1979இல் லேண்ட்சாட்டைப் படிப்படியாகத் தனியாரிடம் விடுவது என்று கார்ட்டர் அரசு முடிவெடுத்தது. ரீகன் காலத்தில் அது வேகம் கொண்டது. 1984இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, ஆர்.சி.ஏ.வும் ஹ்யூஸும் சேர்ந்து உருவாக்கிய இயோசாட் நிறுவனத்திடம் படங்களை விற்கும் உரிமை போனது. சில நூறு டாலருக்குக் கிடைத்துவந்த ஒரு காட்சியின் விலை 4,400 டாலர் வரை ஏறியது. வாங்கிய படத்தைப் பக்கத்து அறையிலிருக்கும் நண்பருக்குக் கொடுக்கவும் தடை இருந்தது.

தனியார் நிறுவனத்தை மட்டும் இங்கே வில்லனாக்குவது சரியல்ல. விற்கச் சொல்லிக் கொடுத்த பொருளை அது விற்றது. பிழை அந்தப் பொருளைப் புரிந்துகொண்டதில் இருந்தது. சந்தை ஒரு படத்தை ஒரு படமாகத்தான் எண்ணும். ஆனால் ஒரு காட்டின் ஒரே ஒரு படத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும்? காடு இருக்கிறது என்று சொல்லலாம். குறைந்திருக்கிறதா என்று சொல்ல இரண்டு படம் வேண்டும். எப்போது, எந்த வேகத்தில், எந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டு குறைந்தது என்று சொல்ல நூறு படம் வேண்டும். ஒரு படத்துக்கு 4,400 டாலர் என்றால் நூறு படம் கேட்பவர் யார்? ஆய்வு மாணவர்கள், இருப்பதில் மேகம் குறைந்த ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கி, அதை வைத்தே முழு ஆய்வையும் முடித்தார்கள். கேள்விகளே படத்தின் விலைக்கு ஏற்றபடி சுருங்கிப்போயின.

இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. கேட்பதற்கு ஆள் இல்லாத நிலப்பகுதிகளைப் படமெடுப்பது வீண்செலவு என்றாயிற்று. ஆகவே உலகின் பல பகுதிகளுக்கு, அந்த ஆண்டுகளில் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்து போயிருந்தும், கண்ணாடி அவர்களுக்காக அசையவில்லை. இன்று ஆவணத்தைத் திறந்து 1980களின் பிற்பகுதியில் ஏழைநாடுகளின் பக்கங்களைப் புரட்டினால் வெற்றிடங்களைக் காணலாம். அச்சில் வராத நூலைப் பின்னாளில் அச்சிட்டுவிடலாம். 1988இல் ஒரு நாள் காலையில் பார்க்கத் தவறிய ஏரியை எந்தப் பணம் கொடுத்தும் இனிப் பார்க்க முடியாது.

அதே காலத்தில்தான் அதன் தேவையும் உலகுக்குத் தெரிந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது சோவியத் அரசு சுருக்கமான அறிவிப்போடு வாய்மூடிக்கொள்ளப் பார்த்தது. ஏப்ரல் 29 அன்று லேண்ட்சாட் 5 அந்த இடத்தைப் படமெடுத்தது. சில நாட்களில் பிரான்ஸின் ஸ்பாட் செயற்கைக்கோளும் எடுத்தது. உலகச் செய்தித்தாள்கள் அவற்றை வெளியிட்டன. ஒரு அரசு மறைக்க விரும்புவதை இராணுவம் சாராத ஒரு கண் பார்க்கும் என்பது வரலாற்றில் புதிய செய்தி.

இருந்தும் 1989இல், இயக்க நிதி இல்லை என்று சொல்லி, விண்ணில் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்களை அணைத்துவிடும்படி உத்தரவு போனது. பல நாடுகளிலிருந்தும் கூக்குரல் எழுந்தபின் கடைசி நேரத்தில் பணம் திரட்டப்பட்டது. வளைகுடாப் போரின்போது அமெரிக்க இராணுவமே இப்படங்களை வாங்க நேர்ந்ததும், அரசின் எண்ணம் மாறியது. 1992இல் புதிய சட்டம் லேண்ட்சாட்டைப் பொதுத்துறைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. 1993 அக்டோபர் 5 அன்று ஏவப்பட்ட லேண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை எட்டாமலே வீழ்ந்தது. அடுத்தது 1999இல்தான் போனது.

இடைப்பட்ட காலத்தில் நாட்குறிப்பு அறுந்துவிடாமல் காத்தது பெரும்பாலும் ஒரே ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள். மூன்றாண்டுகள் உழைக்கும் என்று 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, ஒவ்வொரு பாகமாகப் பழுதுபட, பொறியாளர்கள் மாற்றுவழி கண்டுபிடிக்க, 2013 வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஓடியது. அதன் கடைசி ஆண்டில் முதன்மைக் கருவி செயலற்றபோது, பத்தாண்டுகளுக்கு மேல் அணைந்துகிடந்த பழைய ஸ்கேனரை எழுப்பிப் பார்த்தார்கள். நார்வுட் வடிவமைத்த பரம்பரையைச் சேர்ந்த கண்ணாடி அது. மறுபேச்சின்றி அசையத் தொடங்கியது.

*

திருப்பம் வந்த திசை பலரும் எதிர்பாராதது. 2004இல் பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, சீனாவுடன் சேர்ந்து ஏவிய செயற்கைக்கோளின் படங்களைத் தன் மக்களுக்கு இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. வசதி குறைந்த ஒரு நாடு செய்ததைப் பணக்கார நாடு செய்ய இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தில் பார்பரா ரையன் போன்றவர்கள் உள்ளிருந்து வாதாடினார்கள். அப்போது ஒரு காட்சியின் விலை 600 டாலராக இறங்கியிருந்தது. 2008 ஏப்ரலில் முழு ஆவணத்தையும் இலவசமாக்கும் முடிவு வெளியானது. 2009 ஜனவரிக்குள் 1972 முதலான அனைத்தும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

மிக நன்றாக விற்ற 2001ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,000 காட்சிகள் போயிருந்தன. இலவசமான முதல் ஆண்டிலேயே தரவிறக்கம் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2010 முதல், பல நாடுகளின் தரைநிலையங்களில் கிடந்த பழைய நாடாக்களையும் தேடி எடுத்து ஒரே ஆவணத்தில் சேர்க்கும் பணி நடந்தது. இவ்வாறு வந்துசேர்ந்தவை 30 லட்சத்துக்கும் மேல். சிதறிய சுவடிகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டியவர்களின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இப்பணியின் பெருமையை நான் விளக்கத் தேவையில்லை.

விலை நீங்கியபின் கேள்விகள் பெரிதாயின. 2013இல் மாத்யூ ஹான்சனும் பிறரும் உலகின் காடுகள் 2000 முதல் 2012 வரை எப்படி மாறின என்பதை 30 மீட்டர் நுணுக்கத்தில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். இழந்த காடு 23 லட்சம் சதுர கிலோமீட்டர். புதிதாக வந்தது 8 லட்சம். இதற்கு அவர்கள் ஆராய்ந்த காட்சிகள் 6,54,178. பழைய 600 டாலர் விலையில் கணக்கிட்டால் மூலப்பொருளுக்கு மட்டும் 39 கோடி டாலர். இயோசாட் காலத்து உச்ச விலையில் 287 கோடி டாலர். அதாவது, இக்கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் மனத்தால்கூடக் கேட்டிருக்க முடியாது. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 30 லட்சம் படங்களைக் கொண்டு உலகின் நிலநீர்ப்பரப்பின் 32 ஆண்டு வரலாற்றை எழுதினார்கள். நிரந்தர நீராக இருந்த 90,000 சதுர கிலோமீட்டர் மறைந்துபோயிருந்தது. அதில் பெரும்பங்கு மத்திய ஆசியாவிலும் மேற்காசியாவிலும். பருத்திக்காகத் திருப்பிவிடப்பட்ட ஆறுகளால் ஆரல் கடல் சுருங்கியதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது கரை கரையாக, ஆண்டு ஆண்டாக எப்படிப் பின்வாங்கியது என்பதை இப்போது எந்தப் பள்ளி மாணவரும் தன் மேசையிலிருந்தே பார்க்கலாம்.

படம் மட்டும் இலவசமானால் போதாது, அதைப் படிக்கும் கருவியும் வேண்டும். இதற்கும் ஓர் இணைவரலாறு உண்டு. 1982இல் அமெரிக்க இராணுவப் பொறியாளர்களின் ஆய்வகம் ஒன்று தன் தேவைக்காக கிராஸ் என்ற வரைபட மென்பொருளை எழுதத் தொடங்கியது. பொதுப்பணத்தில் எழுதியதால் யாரும் பயன்படுத்தலாம். 1990களின் நடுவில் இராணுவம் அதைக் கைவிட்டது. ஜெர்மனியின் ஹனோவரில் மார்க்கஸ் நெட்லர் என்ற புவியியலாளரும் அவரைப் போன்ற சில ஆர்வலர்களும் அதை எடுத்து வளர்த்தார்கள். 1999 முதல் அது கட்டற்ற மென்பொருள். 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் இன்று உலகெங்கும் ஆய்வகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் ஓடுகிறது. உபரி அறையில் உட்கார்ந்து சமன்பாடு தீர்த்த ஸ்னைடரின் வாரிசுகள் என்று இவர்களைச் சொல்லலாம்.

*

இவ்வளவுக்கும் பிறகு, இது வெற்றிக்கதை என்று முடித்துவிடத் தயக்கமாக இருக்கிறது.

பிரேசிலையே எடுத்துக்கொள்வோம். 1988 முதல் ஒவ்வோர் ஆண்டும் அமேசான் காட்டின் அழிவை லேண்ட்சாட் படங்களைக் கொண்டு அளந்து இன்பே வெளியிட்டுவருகிறது. 2004இல் அழிந்தது 27,772 சதுர கிலோமீட்டர். படங்கள் கையிலிருந்ததால் எங்கே வெட்டுகிறார்கள் என்று தெரிந்தது, அரசும் மனம்வைத்தது. 2012இல் அது 4,571 ஆகக் குறைந்தது. 2019இல் அழிவு மீண்டும் ஏறுவதை இன்பே சொன்னபோது, நாட்டின் அதிபர் எண்களையே சந்தேகித்தார். நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் ஆகஸ்ட்டில் பதவி நீக்கப்பட்டார். ஆனால் படங்களை நீக்க முடியவில்லை. அவை ஏற்கெனவே உலகில் யாரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய இடத்தில் இருந்தன. இயக்குநரை மாற்றியும் எண் மாறவில்லை. செயற்கைக்கோளால் ஒரு மரத்தையும் காப்பாற்ற முடியாது. மரம் விழவில்லை என்று யாரும் சொல்லிவிடாதபடி அது பார்த்துக்கொள்ளும்.

இலவசம் என்பதும் என்றென்றைக்குமாக எழுதப்பட்ட சாசனம் அல்ல. 2018இல் அமெரிக்காவில் மீண்டும் கட்டணம் விதிக்கலாமா என்ற யோசனை எழுந்து அடங்கியது. ஹான்சன் குழுவின் ஆறரை லட்சம் படங்களும் ஒரு தனியார் தேடுபொறி நிறுவனத்தின் கணினிக்கூட்டத்தில்தான் ஆராயப்பட்டன. நாட்குறிப்பு பொதுவுடைமை, அதை முழுமையாக வாசிக்கும் இயந்திரமோ சிலருடையது. மறுபக்கம், ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் தொடக்கம் முதலே இலவசமாகத் தருகின்றன. 2023இல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கையும், 5 மீட்டரும் அதைவிடப் பருமனுமான நுணுக்கமுள்ள ஆவணப் படங்களை இலவசமாகத் திறந்துவைப்பதாகச் சொல்கிறது. நம் ஏரிகளின், கடற்கரைகளின் வரலாற்றை எழுத விரும்புகிறவர்களுக்கு இனி வாசல் பூட்டியிருக்கிறது என்று காரணம் சொல்ல வழியில்லை.

வர்ஜீனியா நார்வுட் 2023 மார்ச்சில், 96ஆம் வயதில் மறைந்தார். அதற்கு ஒன்றரை ஆண்டுகள் முன்பு, 2021 செப்டம்பர் 27 அன்று, லேண்ட்சாட் 9 விண்ணில் ஏறியிருந்தது. அதில் ஆடும் கண்ணாடி இல்லை, அந்தத் தொழில்நுட்பத்தைக் காலம் கடந்துவிட்டது. பதினெட்டு நாள் என்பதும் பதினாறாகி, இப்போது இரண்டு செயற்கைக்கோள்கள் முறைவைத்துச் சுற்றுவதால் எட்டு நாளாகிவிட்டது. ஆனால் செய்யும் வேலை அதுவேதான். இன்று காலை பத்து மணியளவில் அது எந்த ஊரின் மேலோ கடந்துபோயிருக்கும். அங்கே சிறப்பாக எதுவும் நடந்திருக்காது. ஒரு வயல், ஒரு குளம், ஒரு செங்கல் சூளை. முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தக் குளம் எங்கே போயிற்று என்று யாரோ ஒருவர் கேட்கும்போது தேவைப்படப்போகும் பக்கம் அது.